குளத்தில் கேட்ட கேள்வி

ஞானஸ்நானத்துக்காக அவள் தண்ணீருக்குள் இறங்கி வெகு நேரமாகிவிட்டது. போதகர் இன்னும் முடிக்கவில்லை.

வெள்ளை அங்கி காற்றை அடைத்துக்கொண்டு மேலே எழும்பியது. இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தபடி நின்றாள்.

குளத்து மீன்கள் கால்விரலைக் கொத்தின. அவையாவது வந்த வேலையைப் பார்த்தன.

"இந்தக் கை," என்றார் போதகர் ஒலிவாங்கியில். நிறுத்தினார். "எத்தனை உயிர் குடித்த கை."

கரையில் நின்ற சபை அல்லேலூயா என்றது.

அவள் தன் கையைப் பார்த்தாள்.

இயக்கத்தில் தையல் பகுதியில் இருந்த கை. போராளிகளின் காற்சட்டைக்குப் பொத்தான் வைத்த கை. அது பார்த்த இரத்தமெல்லாம் ஊசி ஏறிய சொந்த விரலின் இரத்தம்.

இதைப் போன கிழமையே அவரிடம் சொல்லியிருந்தாள்.

"தையல் எண்டால் சனத்துக்கு என்ன விளங்கும், சகோதரி," என்றார். "சரி, ஆண்டவர் எப்பிடித் தொட்டவர்? வெளிச்சம் ஏதும் தெரிஞ்சதோ?"

"இல்லை, பாஸ்டர்."

"கனவு?"

"முகாமில நித்திரையே இல்லை."

அவர் பெருமூச்சு விட்டார். வெளிச்சத்தை அவரே போட்டுக்கொண்டார். இப்போது கரைக்கு அதைத்தான் விவரித்துக்கொண்டிருந்தார். பதுங்குகுழியாம். நள்ளிரவாம். குரலாம்.

நடந்தது இவ்வளவுதான்.

போர் முடிந்து அடைத்துவைத்த முகாமில், பக்கத்துத் தறப்பாள் கூடாரத்தில் றெஜினா அக்கா இருந்தாள். பருப்பும் சோறும் கிடைத்தால் கண்ணை மூடி முணுமுணுப்பாள். பருப்புக்குள்ள கல்லுக் கிடக்கு, அதுக்கும் நன்றியோ என்று இவள் கேட்டாள். கல்லுக்குச் சொல்லேல்லையடி, பருப்புக்கு மட்டும்தான் என்றாள் அக்கா.

இப்படி ஒரு கடவுளா என்று இருந்தது. எழுந்து நிற்கச் சொல்லாத, கோஷம் கேட்காத கடவுள்.

பிறகு கம்பிவேலியில் காவலுக்கு நின்ற ஆமிக்காரனுக்குக் காய்ச்சல் வந்தது. அக்கா அவனுக்கும் சேர்த்து ஜெபித்தாள்.

இவளுக்கு எரிச்சலான எரிச்சல். எதிரிக்குத் தாயில்லை, காய்ச்சலில்லை என்றுதான் இயக்கத்தில் படித்திருந்தாள். அக்காவோடு பேசுவதை விட்டாள்.

ஒரு காலை வேலியை எட்டிப் பார்த்தாள். அவன் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

காய்ச்சல் விட்டிருந்தது.

தனக்கு நிம்மதியாக இருந்ததுதான் அவளைத் திடுக்கிட வைத்தது. அன்றைக்கு அக்காவின் பக்கத்தில் போய் இருந்து கண்ணை மூடினாள்.

பதுங்குகுழியும் இல்லை. குரலும் இல்லை. ஒரு ஆமிக்காரனின் காய்ச்சல்.

ஒருவழியாகப் போதகர் கேள்விகளுக்கு வந்தார்.

"இயேசுவே இரட்சகர் என்று விசுவாசிக்கிறீரா?"

"விசுவாசிக்கிறன்."

"பாவத்தை விட்டு விலகுவீரா?"

"விலகுவன்."

இரண்டையும் மனதாரச் சொன்னாள். இத்தோடு முழுக்கிவிடலாம். இத்தனை வருடம் இந்தத் தண்ணீருக்காகத்தான் காத்திருந்தாள்.

ஆனால் கரை சூடாகியிருந்தது. போதகருக்கு ஆசை வந்துவிட்டது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்றைச் சேர்த்தார்.

"அவருக்காக உயிரையும் கொடுப்பீரா?"

அவள் வாய் தானாகத் திறந்தது.

மூடிக்கொண்டாள்.

பதினேழு வயதில், பள்ளிக்கூட மைதானத்தில், ஒலிவாங்கியோடு வந்த ஒருவர் இதையே கேட்டார். மண்ணுக்காக. அவரும் இதே இடங்களில்தான் நிறுத்துவார். முதலில் தூக்கிய கை இவளுடையது. அடுத்த நாள் கணக்குச் சோதனைக்கு இவள் ஒன்றும் படித்திருக்கவில்லை என்பது வேறு கதை.

"இல்லை, பாஸ்டர்."

ஒலிபெருக்கி அதையும் ஊருக்குச் சொன்னது.

போதகர் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார். பழுது அதில்தான் என்று நம்பினார்.

"உயிரையும் கொடுப்பீரா, சகோதரி?"

"மாட்டன். குடுத்தது அவரெல்லோ, பாஸ்டர். பிறகும் என்ர உயிர் அவருக்கு என்னத்துக்கு?"

கரையில் ஒருவர் இருமினார். றெஜினா அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முழுக்கமாட்டார். ஈரத்தோடு கரையேறி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆனாலும் அன்று மைதானத்தில் கை தூக்கிச் சொன்ன அந்த ‘ஓம்’ இன்னொரு தடவை வாயில் வராது.

போதகர் ஒலிவாங்கியை நிறுத்தினார். பக்கத்தில் நின்ற மூப்பரிடம் கொடுத்தார்.

நெருங்கி வந்தார். ஒலிபெருக்கி இல்லாத அவர் குரலை அவள் முதல்முறையாகக் கேட்டாள். சின்னக் குரல்.

"என்ர மகனிட்டயும் பள்ளிக்கூடத்தில வைச்சு இதைத்தான் கேட்டவங்கள், பிள்ளை."

அவன் என்ன சொன்னான் என்று அவள் கேட்கவில்லை.

அவருடைய கை அவள் தலைக்கு வந்தது. அமுக்கவில்லை. வழுக்கி விழப்போகிறவர் எதையாவது பற்றுவதுபோல் பற்றிக்கொண்டு நின்றார்.

கரை காத்திருந்தது.

அவள் அவருடைய மற்றக் கையைப் பிடித்து, அவரோடு சேர்ந்து முழுக முழங்காலை மடித்தாள்.

"மூச்சை இழுத்துப் பிடியுங்கோ, பாஸ்டர்," என்றாள்.