இடது கண்

கண் மருத்துவரின் அறைச் சுவரில் குத்துச்சண்டை சாம்பியனின் படத்தை ஒட்டியது நர்ஸ்தான்.

"இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் தோக்கல மேடம்."

"யார் யாரோட மோதினார்னும் பாக்கணும்ல?"

"போங்க மேடம், உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்."

அன்று ஒருவர் ஓர் இளம் குத்துச்சண்டை வீரனை அழைத்து வந்தார். அந்த மாதத்தில் அவர் கூட்டி வரும் மூன்றாவது வீரன். பெற்ற தகப்பனுக்குக்கூட இவ்வளவு அக்கறை இருக்காது என்று மருத்துவருக்குத் தோன்றியது.

சோதித்து முடித்ததும் வீரனை வெளியே உட்காரச் சொன்னார்.

"இடது கண் ரொம்ப மோசம் சார். அந்தப் பக்கமிருந்து குத்து வந்தா தெரியாது. இன்னொரு அடி பட்டா பார்வையே போயிடும். நீங்களே பக்குவமா சொல்லி நிறுத்திடுங்க."

"நிச்சயமா தெரியாதா மேடம்?"

"நிச்சயமா."

அவர் முகம் மலர்ந்தது. "அப்பாடா. முன்னாடி வந்த ரெண்டு பேருக்கும் கண் நல்லாருக்குன்னுட்டீங்க. வேற வழியில்லாம வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டோம்."

"நீங்க இவரோட கோச்தானே?"

"சேச்சே." அவர் சுவரிலிருந்த படத்தைக் காட்டினார். "நான் சாம்பியனோட மேனேஜர்."

அடுத்த போட்டிக்கான முன்வரிசை டிக்கெட் இரண்டை மேசைமேல் வைத்தார்.

மருத்துவர் டிக்கெட்டுகளைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, வாசல் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

"தம்பி, கொஞ்சம் உள்ள வாங்க."