இரண்டாவது கரண்டி மருந்து

ஒரு துப்பாக்கிக்காரர், சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, மறுபடி வெடிமருந்து போட்டு, மேலே குண்டை அழுத்திப் புதுத் தோட்டா செய்வாராம். பெரிய கைத்துப்பாக்கி, அதனால் கூட்டுக்கும் பெரிய வயிறு.

ஒரு கூட்டில் ஒரு கரண்டி மருந்து போட்டார். வாசலில் யாரோ கூப்பிட, போய்ப் பேசிவிட்டு வந்து, போட்டதை மறந்து அதே கூட்டில் இன்னொரு கரண்டி போட்டார். வழியவில்லை.

"எனக்குத்தான் போட்டாச்சே! உள்ளே எட்டிப் பார்த்தா கண்ணு தேஞ்சா போயிடும்?" என்று கத்தியது கூடு.

காத்திருந்த குண்டு சிரித்தது. "சும்மா இருண்ணே. ரெட்டை மருந்துன்னா நான் ரெட்டைத் தூரம் பறப்பேன்."

"நீ பறந்துடுவ. துப்பாக்கி வெடிச்சு அவர் கை போயிடுமேடா, தறுதலை!"

அவர் குண்டை எடுக்கக் கை நீட்டினார். கூடு முழுப் பலத்தோடு சாய்ந்து, மருந்தையெல்லாம் மேசையில் கொட்டியது.

"நிக்கத் தெரியாத சனியன்!" என்று அதைக் குப்பைத் தொட்டியில் வீசினார் அவர்.

"ஒரு கூட்டுக்குள்ள இவ்வளவு மருந்து ஏதுன்னு இப்பக்கூடத் தோணலையே இந்த மனுசனுக்கு!" என்று தொட்டிக்குள் பொருமியது கூடு.

"நல்லது செஞ்சு என்னண்ணே கண்டே?" என்றது குண்டு.

"வீசின கையைப் பாருடா. அஞ்சு விரலும் இருக்கு!"