அத்தை வீட்டு ஆசை

"அத்தை, பாப்பா ராத்திரி பூரா அழும். ஒங்களத் தூங்கவே விடாது!"

பெட்டியைக் கீழே வைப்பதற்குள் ஜெயசெல்வி இப்படிச் சொன்னதும் ஜீவமணிக்கு முகம் சுண்டிப் போயிற்று.

"ஏட்டி, வாய மூடு. மதினி, நீங்க உள்ள வாங்க."

மதினி ஞானதீபம் சாத்தான்குளத்தில் டீச்சர். கல்யாணமாகி வருஷக்கணக்காகியும் பிள்ளை இல்லை. ஜீவமணிக்கு மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தபோது, ஆஸ்பத்திரியில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஞானதீபம் அப்படி அழுதாள். அவள் தம்பி, ஜீவமணியின் புருஷன் செல்வதுரைக்கு மனசு கேட்கவில்லை.

"இவள நீயே வளத்துக்கோக்கா" என்று சொல்லிவிட்டான்.

"மூணையும் எப்படிளா கரையேத்துவோம்? அங்கன போனா ராணி மாதிரி இருப்பா" என்று அவன் கேட்டபோது ஜீவமணி தலையை ஆட்டினாள். புதுத் துறைமுகத்தில் கூலி வேலை பார்க்கிறவனிடம் வேறென்ன சொல்ல? ஆட்டிய தலையை இனி மாற்றக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

பிள்ளையைக் கொண்டுபோகத்தான் மதினி வந்திருக்கிறாள். பெட்டிக்குள் பால் டின், பாட்டில், பூப்போட்ட சின்னச் சட்டைகள்.

மூத்தவள் ஜெயசெல்விக்கு எட்டு வயசு. அன்றைக்கெல்லாம் அத்தையின் சேலைத் தலைப்பை விடவில்லை. தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து வந்து அத்தையின் காலில் ஊற்றினாள். கேட்காமலே ஏழாம் வாய்ப்பாடு ஒப்பித்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிப் பாட்டை ஆடிக்கொண்டே பாடினாள்.

"அத்தை, எனக்குப் பாத்திரம் வெளக்கத் தெரியும். கொஞ்சமாத்தான் சாப்பிடுவேன். ஒங்க வீட்டுல ஃபேன் இருக்குல்லா?"

"இருக்கு தாயி."

"பாப்பாவுக்கு ஃபேன் காத்து ஆகாது அத்தை. சளி பிடிச்சிரும். வயித்தால வேற போகும்."

தண்ணீர் இரவல் வாங்க வந்த பக்கத்து வீட்டுப் பேச்சி மூக்கில் விரலை வைத்தாள்.

"ஏளா ஜீவமணி, பச்சப் பிள்ளைய மட்டந்தட்டிட்டு, தான் போய் ஒக்காரப் பாக்குதா பாரு! வசதியக் கண்டதும் பெத்தவளே மறந்து போச்சு."

ஜீவமணிக்குச் சுருக்கென்றது. மகளை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய்த் தொடையில் கிள்ளினாள்.

"ஒனக்கு இங்கன என்னட்டி கொறஞ்சு போச்சு?"

ஜெயசெல்வி அழவில்லை. தொடையைத் தேய்த்துவிட்டுக்கொண்டு மறுபடியும் அத்தையிடம் ஓடினாள்.

மறுநாள் காலை. ஜீவமணி பிள்ளையைக் குளிப்பாட்டி, வயிறு நிறையப் பால் கொடுத்து, துண்டில் சுற்றிக் கொண்டுவந்தாள். நெஞ்சோடு ஒருமுறை இறுக்கி அணைத்துக்கொண்டாள். ஆனாலும் நீட்டினாள்.

ஞானதீபம் வாங்கவில்லை. பிள்ளையின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்தாள்.

"பிள்ள இங்கனயே இருக்கட்டும்லே. பஸ்ஸுக்கு நேரமாச்சு, பெட்டியத் தூக்கு."

"என்னக்கா, என்ன ஆச்சு?" செல்வதுரை பதறினான்.

அப்போதுதான் ஜீவமணி கவனித்தாள். வாசலில் ஜெயசெல்வி கிறிஸ்துமஸ் கவுனைப் போட்டுக்கொண்டு, தலை சீவி, துணிப்பையும் கையுமாக நிற்கிறாள்.

"ஒன்னாலதான் எல்லாம்! பாப்பாவப் பத்தி இல்லாததையும் பொல்லாததையும் சொல்லிக் கெடுத்துட்டியே, ஃபேன் காத்துக்கு அலையுத நாயே!"

ஓங்கிய கையை ஞானதீபம் எட்டிப் பிடித்தாள். அவள் கண்ணெல்லாம் தண்ணீர்.

"அடிக்காத ஜீவமணி. இவளையும் நான் கூட்டிட்டுப் போகல. காலையில நீ குளிப்பாட்டப் போனதும் எங்கிட்ட வந்து என்ன சொன்னா தெரியுமா? 'பாப்பா அழுதா அம்மா வந்து தூக்கணும் அத்தை. நான் பெரிய பிள்ள, யாருக்கும் கேக்காம அழுதுக்கிடுவேன். அதுக்குப் பதிலா என்னையக் கூட்டிட்டுப் போங்க'ன்னா!"