மூன்று விலைக் கடிதங்கள்

1936 பிப்ரவரி 25, செவ்வாய். இன்று ஒரு தவறு செய்தேன். முதலாளியைக் கேட்காமல் அவருடைய பழைய பைலைத் திறந்து பார்த்துவிட்டேன். கம்பெனியின் முதல் ஆர்டர் வந்தது மார்ச்சிலா மே மாதத்திலா என்று சந்தேகம். கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும்.

கம்பெனி என்பது மயிலாப்பூர் லஸ்ஸில் இருக்கும் ஹமீது அண்ட் சன்ஸ். பகலில் டைப்ரைட்டர் விற்பனை, ரிப்பேர்; சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை டைப்ரைட்டிங் வகுப்பு. முதலாளி ஷாஹுல் ஹமீது பாய் என்னிடம் மட்டும் வகுப்புக்குச் சம்பளம் வாங்குவதில்லை. "உங்க அப்பா மொகத்துக்காக" என்பார்.

அதற்குப் பதிலாக அவர் கடிதங்களை நான் அடித்துக் கொடுப்பேன். அவருக்கு ஆங்கிலத்தில் கையெழுத்து மட்டும்தான் வரும். இந்த வாரம் கம்பெனியின் பத்து வருஷச் சரித்திரம். அவர் தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் அடிக்கிறேன்.

அவர் மிகவும் ரசித்துச் சொன்ன இடம் இது: "அப்போதே மயிலாப்பூரில் இருந்த இரண்டு பெரிய கம்பெனிகளோடு போட்டியிட்டு, நேர்மை ஒன்றாலேயே முதல் ஆர்டரை வென்றோம்." ஒரு ஜமீன் ஆபீஸுக்குப் பன்னிரண்டு மெஷின். அந்த ஆபீஸில் மூன்று கம்பெனிகளிடம் விலைக் கடிதம் வாங்கி, குறைந்த விலைக்காரரிடம்தான் எடுப்பார்களாம்.

பைலில் எங்கள் விலைக் கடிதத்தின் கார்பன் நகல் இருந்தது. அதற்கடியில் பேர்ல் டைப்ரைட்டர் டிப்போ, நியூ எம்பயர் மெஷின் மார்ட் என்ற போட்டிக் கம்பெனிகள் இரண்டின் கார்பன் நகல்களும் இருந்தன. எதிரியின் நகல் நம்முடைய பைலில் எப்படி வரும்? எனக்குத்தான் ஏதோ புரியவில்லை என்று முதலில் நினைத்தேன்.

பிறகு எழுத்துகளைப் பார்த்தேன். மூன்று கடிதங்களிலும் சின்ன 'ஆர்' எழுத்துக்கு அடி உடைந்திருந்தது. மூன்றாம் நம்பர் மெஷினில் ஒன்றரை வருஷமாகப் பழகுகிறேன்; அந்த உடைசல் எனக்குத் தெரியும். ஆனாலும் மூன்று தடவை ஒப்பிட்டேன். மூன்றும் ஒரே மெஷின். ஆங்கிலம் மட்டும் ஒரு குறை சொல்ல முடியாதபடி இருந்தது.

வகுப்பு கலைந்ததும் கேட்டேன். "பாய், இந்த ரெண்டு கம்பெனியும் எங்க இருந்துது?"

பாய் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "இன்னா தம்பி, போலீஸ்காரன் மாரி கேக்குற? ஆபீஸ்காரன் மூணு வெல வேணும்ன்ட்டான். அப்ப மயிலாப்பூர்ல இருந்த கடையே நம்மளுது ஒண்ணுதான். மீதி ரெண்டுக்கு நான் எங்க போவேன்? நானே தொறந்துட்டேன்!"

"பேர்ல் டைப்ரைட்டர் டிப்போ?"

"அது எங்க வூட்டம்மா."

உள்திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி ஜைதூன் பீயின் குரல் வந்தது. "பத்து வருசமா மொதலாளி நானு. ஒரு ஸ்க்ரூ கூட வித்ததில்ல!" இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

"அப்ப நியூ எம்பயர் மெஷின் மார்ட்?"

பாயின் சிரிப்பு நின்றது. "அது வாணாம் தம்பி. அவரு மருவாதியான மனுசன். நீ சரித்திரத்த சுத்தமா அடிச்சு மூணு காப்பி குடு. அச்சாபீஸ்காரன் கேட்டுக்கினு கீறான்."

சொல்லிவிட்டுப் படிக்கத்தில் துப்பினார். தேய்ந்துபோன ரிப்பன்களையும் அதிலேயேதான் போடுவார்கள். சிவப்பு எச்சிலில் கறுப்பு ரிப்பன் சுருண்டு ஊறிக் கிடந்தது. கொடுத்த டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

சாந்தோமில் எங்கள் வீட்டுக் குழாயடியில் நான்கு தடவை கை கழுவினேன். விரலில் ரிப்பன் எண்ணெய் வாசனை போகவில்லை. சோற்றைப் பிசையவே அருவருப்பாக இருந்தது.

அப்பா மாதா கோயில் பங்குப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். மரியதாஸ் சார் என்றால் பேட்டையே எழுந்து நிற்கும். பார்த்து எழுதியவனுக்கு, அவன் பூசைக்கு எல்லாம் எடுத்துவைக்கும் கோயில்பிள்ளையின் மகனாக இருந்தாலும் சைபர்தான் போடுவார். சிவப்புப் பென்சிலோடு கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தவரிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

"சனிக்கெழம உனக்குப் பரீட்சை" என்றார், தலை நிமிராமல்.

"போனாப் போவுது. இனிமே அங்க போய் உக்கார முடியாதுப்பா, நாறுது."

டைப்ரைட்டிங் லோயர் பரீட்சை தேறாமல் எந்த ஆபீஸிலும் என்னை வேலைக்கு எடுக்க மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"பரீட்சைய விட்டுட்டு இன்னா பண்ணப்போற?"

"அந்த ஜமீன் ஆபீஸுக்கு எல்லாத்தையும் எழுதப்போறேன். பாய் பேரு, அவரு சம்சாரம் பேரு. அந்த மூணாவது ஆளு, மருவாதியான மனுசனாம், அவன் யாருன்னு கண்டுபிடிச்சு அவன் பேரத்தான் மொதல்ல போடுவேன். அந்த ரெண்டு பேராவது வயித்துப் பொழப்புக்குப் பண்ணாங்க. இவன் மூஞ்சியில காறித் துப்பணும்."

அப்பா பென்சிலைக் கீழே வைத்தார். சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அம்மா பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"மெதுவாப் பேசு, ஸ்தனிஸ்லாஸ்" என்றார். "நியூ எம்பயர் நான்தான்."

நாளை விபூதிப் புதன், பாவத்துக்கு வருந்தித் தவக்காலம் தொடங்கும் நாள். காலை ஆறு மணிப் பூசையில் சாம்பல் பூசிக்கொள்ள அப்பாவோடு போக வேண்டும். சாயங்காலம் சரித்திரத்தைச் சுத்தமாக அடித்து மூன்று காப்பி கொடுக்க வேண்டும்.