பேட்டரி அடுப்பு

"இஞ்சினை மட்டும் அணைச்சுராதீங்க தம்பி. சோறு இப்பத்தான் சூடேறுது" என்றாள் அத்தாயி.

எதிரே பஸ் ஏறி வந்தது. வழிவிட்டு நிற்கும்போதெல்லாம் இஞ்சினை அணைப்பது பொன்னுவேலின் பழக்கம். சாவிக்குப் போன கையை இழுத்துக்கொண்டான். சில்வர் ஓக் மரம் ஏற்றிய லாரி குப்பனூர் பாதையில் ஓரமாக நின்று உறுமியது.

அத்தாயியின் மடியில் ஒரு தகரப் பெட்டி. அதன் ஒயரை லாரி பேட்டரியோடு இணைத்துக் கொடுத்தது பொன்னுவேல்தான்.

"குவைத்துல இருந்து உங்க தம்பி அனுப்பினதுதானே அண்ணி? வந்து எத்தனை மாசமாச்சு. பிரிக்காமயே வெச்சிருந்தீங்க."

"இன்னைக்குத்தான் மனசு வந்துச்சு. அவருதான் கேட்டு எழுதச் சொன்னாரு. ஓடற வண்டியிலயே சோறு சூடாகுமாமில்லன்னு."

"என் பேட்டரியே ஒரு சீக்காளி. அதுகிட்டப் போயி சோறு கேக்கறீங்க."

அவள் சிரிக்கவில்லை. வாரம் முழுக்க எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்த கை வீங்கியிருந்தது. விடியலுக்கு முன்பே எழுந்து கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். கண் எரிந்தது.

"எஸ்டேட்டு ரைட்டர் லீவு குடுத்தானா?"

"அரை நாளு. அதுக்கே மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டான்."

பஸ் கடந்தது. லாரி இறங்கத் தொடங்கியது.

"கட்டிக்கிட்டு வந்த நாளா பாக்கறேன் தம்பி. லாரி ஓட்டப் போற எடத்துல ஒரு நாளு சூடாத் தின்னதில்ல. நான் கட்டிக் குடுக்கறது இந்தக் குளிருக்கு வெறைச்சுப் போயிரும். அதைத் தின்னுட்டு வவுத்து வலின்னு சுருண்டு படுப்பாரு."

"எனக்குத் தெரியாதா? கூட உக்காந்து தின்னவன் நானு. அந்த வளைவுல வண்டிய ஓரங்கட்டினா, கொழம்பு மேல கொழுப்பு ஒறைஞ்சு கெடக்கும். அதையும் வழிச்சுத் தின்னுட்டு, 'அத்தாயி கை ஆறிப்போனாலும் ருசிடா'ம்பாரு மாதையண்ணன்."

"இன்னைக்கு ஒரு வாயாச்சும் ஆவி பறக்கத் தின்னட்டும். அதுக்குத்தான் இந்தப் பாடு."

பெட்டியின் சிவப்பு விளக்கு மங்கியது.

"தம்பி, வெளக்கு..."

பொன்னுவேல் கியரை மாற்றி ஆக்சிலேட்டரை மிதித்தான். விளக்கு மீண்டும் பிரகாசித்தது. பெட்டியின் சூடு மடித்துப் போட்ட துண்டைத் தாண்டித் தொடையைச் சுட்டது. அவள் நகர்த்தவில்லை.

"பீடி வாங்கிட்டீங்களா?"

"ம். அவரு குடிக்கற பீடிதான். உச்சிப் பொழுதுக்கு முன்னால போயிருவமா?"

"இதா, வந்தாச்சு."

வளைவில் லாரியை நிறுத்தினான். இஞ்சினை அணைக்காமல் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தான். அத்தாயி ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் துண்டோடு அணைத்தபடி இறங்கி, ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

சாலையோரத் தடுப்புச் சுவரில் ஒரு லாரி அகலத்துக்கு மட்டும் புதுச் சிமெண்டாக இருந்தது. அதன்மேல் இலையை விரித்தாள். பெட்டியைத் திறந்ததும் ஆவி குப்பென்று எழுந்தது. சோறு, கோழிக் குழம்பு, ஓரத்தில் பீடிக்கட்டு. கீழே தெரிந்த பள்ளத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "கா... கா..." என்று கூப்பிட்டாள்.

ஒரு காக்கை வந்து இறங்கியது. சோற்றில் அலகை வைத்ததும் துள்ளிப் பின்வாங்கி, எட்டப் போய் உட்கார்ந்துகொண்டது.

"நொம்ப சூடு அண்ணி" என்றான் பொன்னுவேல் மெல்ல. "ஆறினாத்தான் வாய் வெப்பாரு."

அத்தாயி முந்தானையை எடுத்து இலைக்கு விசிறத் தொடங்கினாள்.