குறை சொல்ல ஒரு ஆள்

"எங்கம்மா சமையலைக் குறை சொல்ல ஒரு ஆள் வேணும் மேடம். தினமும் மத்தியானம்."

போனில் பேசியது மஸ்கட்டிலிருந்து காளீஸ்வரன். கேட்டுக்கொண்டிருந்தது விருதுநகர் 'கைகொடு சர்வீஸ்' மேனேஜர் ஜாஸ்பின். வெளியூரில் இருப்பவர்களுக்காக இங்கே வேலைகளைச் செய்து கொடுக்கும் கம்பெனி அது. மாமனாரோடு தாயம் ஆடித் தோற்றுப்போக ஆள் கேட்டவர் உண்டு. பழைய பள்ளிக்கூடத்து மணிச்சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பச் சொன்னவர் உண்டு. பெற்ற தாயைக் குறை சொல்ல ஆள் கேட்டவர் இவர்தான் முதல்.

"பாராட்டத்தானே சார்?"

"குறைதான் மேடம். உப்பு, புளி, ஏதாவது. என்ன குறை சொன்னாகன்னு தினமும் எனக்கு ரிப்போர்ட் வரணும்."

"அந்த மாதிரி ஆள் எங்ககிட்ட இல்ல சார்." ஜாஸ்பின் போனை வைக்கப் போனார்.

"வச்சிராதீக. அப்பா போய் எட்டு மாசம் ஆச்சு. அம்மா அடுப்பே பத்த வைக்கல. டீயும் பன்னும்தான். ஆளு பாதியாப் போயிட்டாக."

"நல்லாருக்குன்னு நாலு வார்த்தை சொன்னா சமைக்க மாட்டாங்களா?"

"தெருவே சொல்லிப் பார்த்துருச்சு. எங்கப்பா முப்பத்து மூணு வருசமா ஒரு குறை சொல்லாம கை கழுவுனதில்ல. இப்ப அம்மா கனவுல அப்பா வந்து உக்காருறாகளாம். சோத்தைப் பிசையிறாகளாம். ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறாகளாம். பிறகு யாருக்குச் சமைக்கங்கிறாக."

ஜாஸ்பின் போனை வைக்கவில்லை.

மறுநாளே சாம்சுந்தர், காளீஸ்வரனின் அம்மா சண்முகத்தாய் இருக்கும் நாரணாபுரம் போனார். பட்டாசு லேபிள் அச்சகத்தில் பதினைந்து வருடம் பிழை பார்த்தவர். அச்சகம் மூடி, இரண்டு பிள்ளைகளோடு திண்டாடி, இப்போதுதான் இந்தக் கம்பெனியில் சேர்ந்திருக்கிறார். காளீஸ்வரனின் சிநேகிதர், ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாதவர் என்பது அவருக்குக் கொடுத்த வேஷம்.

மத்தியான நேரத்தில் அந்தத் தெரு கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும். எல்லோரும் ஆலைக்குப் போயிருக்க, வேப்பங்காற்று மட்டும் வீடு வீடாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். சண்முகத்தாய் தட்டை வைத்துவிட்டு எதிர்ச்சுவரில் சாய்ந்துகொண்டார். பார்வை தட்டில் இல்லை, எங்கோ இருந்தது.

மகன் கேட்டுக்கொண்டதற்காக வைத்த கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. ஒரு வாய் வைத்ததும் சாம்சுந்தர் சொக்கிப்போனார். அப்படி ஒரு ருசி.

"புளி கூடிப்போச்சும்மா" என்றார். சொன்ன நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சண்முகத்தாய் நிமிர்ந்தார்.

"புளியா? கூடிப்போச்சா?"

எழுந்து போய்த் தனக்கும் ஒரு தட்டை எடுத்து வந்தார். ருசி பார்க்கிற சாக்கில் இரண்டு கரண்டிச் சோறு உள்ளே போனது.

அப்புறம் தினமும் அடுப்பு எரிந்தது. பத்தாம் நாள் சோறு போட்டபடியே சொன்னார்.

"நேத்து கனவுல அவுக பேசிட்டாக தம்பி. உப்பு எங்கடின்னாக."

சொல்லும்போது முகம் புதுப்பெண் முகமாக இருந்தது. மூன்றாவதாக யாரோ பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்திருப்பதாகச் சாம்சுந்தருக்கே தோன்றியது. பயமாக இல்லை, சந்தோஷமாக இருந்தது.

சிக்கல் இரண்டாம் மாதத்தில் வந்தது. சொன்ன குறையையே எத்தனை நாள் சொல்வது? பருப்புத் துவையலைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார்.

"ஒரு வாரமா ரிப்போர்ட்ல ஒண்ணுமே இல்லையேண்ணே" என்றார் ஜாஸ்பின். "இப்படியே போனா அந்த சார் ஆர்டரை நிறுத்திருவாரு. உங்களுக்குக் கொடுக்க இப்ப வேற வேலையும் இல்ல."

அடுத்த திங்கட்கிழமை, நிஜமாகவே உப்பு கரித்தது. செவ்வாய் ரசத்தை வாயில் வைக்க முடியவில்லை. புதன்கிழமைப் பொரியலில் காரம் கண்ணில் நீரை வரவழைத்தது. ரிப்போர்ட் நிறைந்தது. சாம்சுந்தருக்குத்தான் புரியவில்லை. அந்தக் கை இப்படித் தப்புமா?

காளீஸ்வரன் மஸ்கட்டிலிருந்து பதறினார்.

"அம்மாவுக்கு நாக்கு மரத்துப்போச்சா? ஞாபகம் தப்புதா? நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கண்ணே."

வியாழக்கிழமை வழக்கத்தைவிட முன்னதாகவே ஆட்டோவோடு போய் இறங்கினார் சாம்சுந்தர். கூப்பிட்டுப் பார்த்து, பதில் இல்லாமல் அடுப்படி வரைக்கும் போனார்.

அடுப்புத் திட்டில் இரண்டு சட்டிகள் இருந்தன. பெரிய சட்டியில் சண்முகத்தாய் கை நிறைய உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னம்மா செய்றீக?"

அவர் பதறவில்லை. "சின்னச் சட்டி எனக்கு. பெரிசு உங்களுக்கு."

சாம்சுந்தருக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது.

"அப்ப, உங்களுக்கு எல்லாம் தெரியுமா?"

"முத நாளே தெரியும். உங்க சட்டைப் பையில கம்பெனி அட்டை எட்டிப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. வாய் குறை சொல்லுது, கை மூணாந்தடவையும் சோறு வாங்குது, பிறகு வாசல்ல நின்னு மகனுக்குக் குறையை எழுதுது. மகன் பாசத்துல என்னமோ பண்றான்னு விட்டுட்டேன். எனக்கும் அது வேண்டித்தான் இருந்துச்சு."

"அதுக்கு எதுக்கும்மா இம்புட்டு உப்பு?"

"போன வாரம் பூரா சொல்றதுக்குப் பொய் கிடைக்காம முழிச்சீகளே தம்பி. குறை இல்லைன்னா உங்க வேலை போயிரும்ல? புள்ளகுட்டிக்காரரு, எங்கன போவீக?"

சண்முகத்தாய் தட்டைக் கழுவி வைத்து, சின்னச் சட்டியைத் திறந்தார்.

"இதுல சாப்பிடுங்க. நல்லாருக்குன்னு மட்டும் எழுதிராதீக."