மாற்று ஆள்

ராணுவத்தின் சைபர் பாதுகாப்புப் பிரிவுக்கு ஆள் எடுக்கும் நேர்காணல். எழுத்துத் தேர்வில் முதலிடம் பிடித்த பெண்ணைக் கர்னல் சந்தேகத்தோடு பார்த்தார்.

"இந்த மார்க்குக்கு எந்தக் கம்பெனியும் கூப்பிட்டு வேலை தருமே. இங்க ஏம்மா வர்றீங்க?"

"உங்க சர்வரைக் கவனிக்கிற ஹவில்தாருக்கு ரெண்டு வருஷமா லீவே தரலையாமே, சார்?"

"மாத்து ஆள் இல்லையேம்மா! தங்கமான பையன். அவன் ஒரு நாள் இல்லேன்னா எங்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னா?"

"அவரேதான். அவருக்கு லீவு கிடைக்காம எங்க கல்யாணத்தை மூணு தடவை தள்ளி வெச்சாச்சு, சார். அதான், மாத்து ஆளா நானே வந்துட்டேன்."

கர்னல் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நல்ல பொண்ணும்மா நீங்க! அவன் லீவுல போனா நீங்க டியூட்டியில இருக்கணுமே. மாப்பிள்ளை மட்டும் தனியா நின்னு கல்யாணம் பண்ணிக்குவானா?"

அவள் அசரவில்லை.

"பரீட்சையில ரெண்டாவதா வந்தவ வெளியில உக்காந்திருக்கா, சார். என் தங்கச்சிதான். எங்க கல்யாணத்தன்னிக்கு அவ டியூட்டி பார்ப்பா. அவ கல்யாணத்துக்கு நாங்க ரெண்டு பேரும் பார்த்துக்குவோம்."